எலிப்டிகல் இயந்திரத்தைப் பூட்டப்போகும் மகளுக்கு

கும்பகோணம்

அன்பு மகளுக்கு,

இங்கே அப்பாவும் நானும் நலம். உங்கள் அனைவரின் நலமும் அறிய ஆவல். நின்றபடியே மிதித்து உடற்பயிற்சி செய்யும் எலிப்டிகல் இயந்திரத்தின் பெட்டி வந்து இறங்கிவிட்டதாகவும், அதன் பாகங்களைச் சேர்த்துப் பூட்டித்தர ஆளை அனுப்பச் சொல்லலாமா என்றும் தொலைபேசியில் கேட்டாய். இரண்டு வார்த்தைகளில் பதில் சொல்லி முடிக்கிற காரியமாக அது எனக்குத் தோன்றவில்லை என்பதால் உட்கார்ந்து எழுதுகிறேன். ஆள் வேண்டாம், நீயும் மாப்பிள்ளையும் சேர்ந்து ஒரு விடுமுறை நாளில் பொறுமையாகப் பூட்டுங்கள் என்பதே என் கருத்து. செலவை நினைத்து இதைச் சொல்லவில்லை. வருகிறவருக்கு அடுத்த வீட்டுக்குப் போகும் அவசரம் இருக்கும். அவர் நிறுத்திக் காட்டிவிட்டுப் போனபின் என்றாவது ஒரு நாள் ஏதோ ஓரிடத்தில் சத்தம் கிளம்பும்போது, அது எந்த மூட்டிலிருந்து வருகிறது என்பது உனக்குத் தெரியாது. ஒவ்வொரு போல்ட்டையும் தன் கையால் ஏற்றியவளுக்குத் தெரியும். அப்பாவின் முழங்கால் வலிக்காக நாம் வாங்கிய இயந்திரம் இத்தனை ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருப்பதற்கு, அதை நாங்களே பூட்டியதுதான் காரணம் என்று உறுதியாக நம்புகிறேன்.

பெட்டியைப் பிரிப்பதற்கு முன் இடத்தை முடிவுசெய்துகொள்ளுங்கள். பூட்டி முடித்தபின் நாற்பது, ஐம்பது கிலோ இரும்பை அறைக்கு அறை நகர்த்துவது இடுப்புக்கு நல்லதல்ல. நிலைவாசலில் அது நுழையாமலும் போகலாம். பெட்டியோடு வரும் செய்முறைத் தாளில் போட்டிருக்கும் நீள அகலம் இயந்திரத்துக்கு மட்டுமானது. ஏறி இறங்குவதற்குப் பின்பக்கம் இன்னும் இரண்டடியாவது விட வேண்டும். தரையை எல்லாரும் அளக்கிறார்கள், மேலே பார்ப்பவர்கள் குறைவு. மிதிபலகை மேலே வரும் நிலையில் தரையிலிருந்து ஏறக்குறைய ஒன்றேகால் அடி உயரத்தில் இருக்கும். ஆறடி உயரமுள்ள மாப்பிள்ளை அதன்மேல் நின்றால் தலை ஏழேகால் அடிக்கு வந்துவிடும். கையை மேலே நீட்டினால் எட்டடியைத் தாண்டும். அடுக்குமாடி வீடுகளில் மின்விசிறியின் இறக்கை பெரும்பாலும் எட்டடிக்கும் ஒன்பதடிக்கும் இடையில்தான் சுற்றுகிறது. ஆகவே விசிறிக்கு நேர்கீழே எக்காரணம் கொண்டும் வைக்காதீர்கள். காற்று பக்கவாட்டில் வந்து படுமாறு தள்ளி வையுங்கள். திருவான்மியூரின் உப்புக்காற்று நேராக அடிக்கும் சன்னலோரமும் வேண்டாம், நட்டுகள் துருவேறிவிடும். கீழ்வீட்டுக்காரர்களை நினைத்து, கனமான ரப்பர் விரிப்பு ஒன்றை வாங்கி அடியில் போட்டுவிடுங்கள்.

பிரித்ததும் பழைய போர்வையை விரித்து எல்லாப் பாகங்களையும் அதன்மேல் பரப்புங்கள். போல்ட், நட், வாஷர் எல்லாம் எண் போட்ட அட்டையில் வரிசையாகப் பதித்து வந்திருக்கும். அவற்றை மொத்தமாக ஒரு கிண்ணத்தில் கொட்டிவிடாமல், எந்தப் படிக்கு எது தேவையோ அதை மட்டும் பிரித்தெடுங்கள். பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றும் இரண்டு போல்ட்டுகளில் ஒன்று மற்றதைவிட ஐந்து மில்லிமீட்டர் நீளமாக இருக்கும். மாறிப்போனால் கடைசிப் படியில்தான் தெரியவரும், அப்போது பாதியைக் கழற்ற வேண்டும். வளைந்த வாஷர்களின் வளைவு குழாயைத் தழுவி உட்கார வேண்டும், வெளியே பார்த்து நிற்கக் கூடாது. சின்னவன் பள்ளிக்கோ பாட்டி வீட்டுக்கோ போயிருக்கும் நேரமாகப் பார்த்து இதைச் செய்வது நல்லது.

முன்னும் பின்னும் குறுக்காக வரும் இரண்டு தாங்குகால்களை முதலில் பூட்ட வேண்டும். சிறு சக்கரங்கள் உள்ளதும் இல்லாததும் எந்தெந்தப் பக்கம் என்பதைத் தாளில் பார்த்துவிடுங்கள். இங்கிருந்து கடைசி வரைக்கும் ஒரே விதிதான்: எந்த போல்ட்டையும் முதலில் முழுதாக இறுக்காதீர்கள். விரலால் போகும் வரை சுற்றி, ஸ்பேனரால் அரைச் சுற்று கொடுத்து விட்டுவிடுங்கள். எல்லாப் பாகங்களும் ஏறியபின், கீழிருந்து மேலாக, இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி முழுப்பலத்தோடு இறுக்க வேண்டும். முதல் மூட்டையே இறுக்கிவிட்டால் அடுத்த மூட்டின் துளைகள் நேருக்கு நேர் வராது. வராத துளைக்குள் போல்ட்டை வலிந்து ஏற்றும்போதுதான் மரை, அதாவது திருகுவரி, அழிகிறது. மரை அழிந்த இரும்பை வீட்டில் வைத்துச் சரிசெய்ய முடியாது.

செங்குத்தான நடுத்தூணை நிறுத்தும்போது இருவர் கட்டாயம் வேண்டும். மாப்பிள்ளை தூணைத் தாங்கிக்கொள்ளட்டும், வயர்களை நீ இணை. உன் விரல் மெலிது. வேகத்தைக் காட்டும் உணரியின் வயர் ஒன்று இருக்கும்; அதன் ஊசிகளை நேராகப் பார்த்துச் செருகினால் போதும். கடினத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகுகுமிழின் கம்பி இன்னொன்று. கீழிருந்து வரும் கொக்கிக்குள் அதன் உருண்டை முனையை மாட்டி, இழுத்து, தகட்டின் பிளவில் உட்காரவைக்க வேண்டும். அப்போது குமிழ் எந்த எண்ணில் இருக்க வேண்டுமென்று தாள் சொல்கிறதோ அதே எண்ணில் வைத்துக்கொள். இரண்டும் இணைந்தபின் தூணை இறக்கும்போது வயர் குழாயின் விளிம்பில் நசுங்காமல் உள்ளே போகிறதா என்று நீ குனிந்து பார்த்துச் சொல்லும் வரை அவர் இறக்கக் கூடாது.

அடுத்து வருவதுதான் முக்கியமான கட்டம். மிதிபலகைகளைத் தாங்கும் நீண்ட கைகள் கிராங்குடன், அதாவது சக்கரத்தைச் சுற்றவைக்கும் தண்டுடன், சேரும் இடத்தைச் சொல்கிறேன். பல இயந்திரங்களில் வலப்பக்க போல்ட் வழக்கம்போல வலஞ்சுழியாக இறுகும். இடப்பக்க போல்ட் இடஞ்சுழியாகத்தான் இறுகும். ஓட ஓடத் தானாகக் கழன்றுவிடாமல் இருப்பதற்காக இந்த ஏற்பாடு. மிதிவண்டியின் இடப்பெடலிலும் இதே இடது மரைதான் இருக்கிறது. பாகங்களில் எல், ஆர் என்று எழுத்து பொறித்திருப்பார்கள், அதைப் பார்க்காமல் எதையும் ஏற்றாதே. இறுக மறுக்கிறதே என்று ஸ்பேனரை இன்னும் பலமாக அழுத்தத் தோன்றும் நொடியில் கையை எடுத்துவிட்டு, எழுத்தையும் திசையையும் மறுபடி பார். அசையும் இடங்களில் தண்டைச் சுற்றியுள்ள வளையங்களான புஷ்களுக்கும் தண்டுக்கும், கூடவே தந்திருக்கும் கிரீஸை மெலிதாகத் தடவு. நம் வீட்டு வழக்கப்படி தேங்காய் எண்ணெயை விட்டுவிடாதே. அது நாளடைவில் பிசுக்காகித் தூசியைச் சேர்க்கும்.

திருகுகுமிழைத் திருப்பினால் ஏன் மிதிப்பது கடினமாகிறது என்று நீ கேட்கவில்லை, ஆனாலும் பன்னிரண்டாம் வகுப்புக்கு இயற்பியல் எடுத்தவளால் அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மூடிக்குள் கனமான உலோகச் சக்கரம் ஒன்று சுற்றுகிறது. குமிழ் இழுக்கும் கம்பி, அதன் விளிம்புக்கு அருகே சில காந்தங்களை நகர்த்துகிறது. காந்தம் சக்கரத்தைத் தொடுவதே இல்லை. காந்தப்புலத்தினூடே உலோகம் நகரும்போது அதனுள் சுழல் மின்னோட்டங்கள் தோன்றி, லென்ஸ் விதிப்படி, தம்மைத் தோற்றுவித்த இயக்கத்தையே எதிர்க்கின்றன. 1855இல் பிரெஞ்சு அறிவியலாளர் ஃபூக்கோ கண்டறிந்த இந்த நிகழ்வைக் கொண்டுதான் சில ரயில்களில் பிரேக் பிடிக்கிறார்கள். உரசல் இல்லாததால் தேய்மானமும் இல்லை. வேகமாக மிதித்தால் எதிர்ப்பும் தானாகக் கூடும். நின்றுவிட்டால் எதிர்ப்பே இருக்காது. ஆகவே குமிழை உச்சத்தில் வைத்துவிட்டால் மிதிபலகை பூட்டிக்கொள்ளும் என்று எண்ணிவிடாதே. சின்னவன் லேசாகத் தள்ளினாலே அது நகரும், கிராங்குக்கும் மிதிபலகையின் நீண்ட கைக்கும் இடையில் விரல் சிக்கிக்கொள்ளும். பயன்படுத்தாத நேரத்தில் அசையும் கைப்பிடியை நடுத்தூணோடு பட்டையால் கட்டிவை, அறைக் கதவையும் சாத்திவை.

முதல் தடவை ஏறும்போது, அசையாத நடுக்கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, எந்த மிதிபலகை கீழே இருக்கிறதோ அதில்தான் முதல் காலை வைக்க வேண்டும். இறங்கும்போதும் சக்கரம் முழுதாக நின்றபின், கீழே உள்ள பக்கத்திலிருந்தே இறங்க வேண்டும். நீ மிதிப்பதை நிறுத்தினாலும் கனமான சக்கரம் பலகைகளைச் சிறிது நேரம் இழுத்துக்கொண்டு போகும். நிமிர்ந்து நில், கைப்பிடியில் உடலைச் சாய்த்துத் தொங்காதே. குதிகால் பலகையை விட்டு எழும்பாமல் இருப்பது நல்லது. சிறிது நேரத்தில் விரல்கள் மரத்துப்போவதுபோல இருக்கும், பலருக்கும் அப்படித்தான்; பாதம் ஒரே இடத்தில் அழுந்தி நிற்பதே காரணம். ஷூவின் கயிற்றைச் சற்றுத் தளர்த்திக் கட்டி, நடுநடுவே பாதத்தை நகர்த்திக்கொள்.

ஓடும்போது பாதம் தரையில் மோதும் ஒவ்வொரு முறையும் உடல் எடையைப் போல இரண்டு, மூன்று மடங்கு விசை காலில் ஏறுகிறது. இதில் பாதம் பலகையை விட்டுப் பிரிவதே இல்லையாதலால் அந்த மோதல் இல்லை. 1995இல் அமெரிக்காவின் பிரீகோர் (Precor) நிறுவனம் இவ்வகை இயந்திரத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்ததிலிருந்து முழங்கால் வலி உள்ளவர்கள் இதை நாடுவதற்கு இதுவே காரணம். அப்பா இதில் பழகிய பிறகு மாடிப்படியை முனகாமல் ஏறுகிறார்.

உன் விஷயத்துக்கு வருகிறேன். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 6.1 சதவீதம் என்று வந்தது உனக்குக் கவலை தந்திருப்பது குரலிலேயே தெரிந்தது. 5.7 முதல் 6.4 வரை உள்ளது சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. உடற்பயிற்சியாலும் உணவாலும் திருப்பக்கூடிய நிலை. உழைக்கும் தசை ரத்தத்திலுள்ள சர்க்கரையை எடுத்துச் செலவழிக்கிறது என்பதால், இரவு உணவுக்குச் சற்றுப் பின், குறைந்த கடினத்தில், பத்துப் பதினைந்து நிமிடம் மெதுவாக மிதிப்பதும் உனக்குப் பயன் தரும். வேகமான பயிற்சியைக் காலையில் வைத்துக்கொள். வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. அந்த எண்ணை முதல் வாரத்திலேயே எட்ட முயலாதே. ஐந்து நிமிடம் உடலைச் சூடாக்க, பத்து நிமிடம் சீராக, மூன்று நிமிடம் தணிக்க என்று தொடங்கி, உடல் கேட்கும்போது நேரத்தைக் கூட்டு. நேரம் கைவந்த பிறகே குமிழைத் தொடு.

220இலிருந்து வயதைக் கழித்தால் இதயத்துடிப்பின் உச்சவரம்பு தோராயமாகக் கிடைக்கும். உனக்கு 36 வயது, ஆகவே 184. அதில் பாதியிலிருந்து எழுபது சதவீதம் வரை, அதாவது 92க்கும் 129க்கும் இடையில் இருப்பது மிதமான உழைப்பு. கைப்பிடியிலுள்ள தகடுகள் காட்டும் துடிப்பை முழுதாக நம்ப வேண்டாம். கை வியர்த்தாலே அது மாறும். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது; இந்த அளவு எனக்கு இன்று வரை போதுமானதாக இருக்கிறது. திரையில் ஓடும் கலோரிக் கணக்கு வெறும் மதிப்பீடு, அதை நம்பி இனிப்பைக் கூட்டிவிடாதே. அவ்வப்போது பின்னோக்கியும் மிதித்தால் முன்தொடைத் தசைகளுக்குக் கூடுதல் வேலை கிடைக்கும். வாரத்தில் இரண்டு நாள் தசைவலுப் பயிற்சியும் தனியாகச் செய்ய வேண்டும், இந்த இயந்திரம் அதற்கு ஈடாகாது. நெஞ்சில் இறுக்கமோ தலைசுற்றலோ வந்தால் உடனே நிறுத்தி மருத்துவரைப் பார்.

சத்தங்களைப் பற்றியும் எழுதிவிடுகிறேன். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை, தவறாமல் ஒரே நிலையில் 'டக்' என்று கேட்டால் அது பெரும்பாலும் கிராங்கு மூட்டுதான். அன்றே இறுக்கிவிட வேண்டும். தளர்ந்த நிலையில் தொடர்ந்து ஓட்டினால் துளை அகன்று, பிறகு எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது. 'கிறீச்' என்று இழுத்தால் புஷ் உலர்ந்திருக்கிறது, கிரீஸ் போதும். இயந்திரமே ஆடினால் பின் தாங்குகாலின் முனையிலுள்ள மூடியைத் திருகித் தரைக்குச் சமமாக்கு. உள்ளே சரசரவென்று உரசுவதுபோலக் கேட்டால் மட்டும் மூடியைக் கழற்றத் தெரிந்தவரை அழைக்கலாம். பயிற்சி முடிந்தவுடன் வியர்வை விழுந்த இடங்களை உலர்ந்த துணியால் துடைத்துவிடு. கடலோரத்தில் இதைத் தவறவிடவே கூடாது.

முதல் வாரம் ஓட்டியபின் எல்லா போல்ட்டுகளையும் ஒரு முறை இறுக்கிப் பார்க்க வேண்டும், அதன் பின் மாதம் ஒரு முறை போதும். தந்திருக்கும் ஆலன் கீ என்ற அறுகோணத் திருகுச்சாவியையும் ஸ்பேனரையும் ஒரு பையில் போட்டு இயந்திரத்தின் தூணிலேயே கட்டித் தொங்கவிடு. பூட்டும் நாளில், இடப்பக்கக் கிராங்கின் பிளாஸ்டிக் மூடியை அழுத்துவதற்கு முன்பாக அந்த மூட்டைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு. வாஷர்களின் வரிசையைப் பார்த்துவிட்டுப் பதில் சொல்கிறேன். அதன் பிறகு மூடியைப் போடலாம்.

அன்புடன்,
அம்மா