537 ஓட்டும் இரட்டைத் துளையும்

ஐயா,

2000 அமெரிக்க அதிபர் தேர்தலில் வெற்றியை முடிவுசெய்த புளோரிடா மாநிலத்தை நீதிமன்றம் தீர்மானித்தது என்று எழுதுகிறவர்கள் ஓட்டுச்சீட்டை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. அங்கே குடியரசுக் கட்சியின் புஷ் 29,12,790, ஜனநாயகக் கட்சியின் கோர் 29,12,253, வித்தியாசம் 537. இயந்திரம் ஏற்காமல் தள்ளிய சீட்டுகளோ சுமார் 1,75,000.

பாம் பீச் கவுண்டியில் (கவுண்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி) முதியவர்கள் அதிகம். எழுத்து பெரிதாக இருக்கட்டுமே என்று வேட்பாளர் பெயர்களை எதிரெதிர்ப் பக்கங்களில் அச்சடித்து, துளைகளை நடுவில் ஒரே வரிசையில் வைத்தார்கள். இடப்பக்கம் முதல் பெயர் புஷ், அதன்கீழ் கோர். ஆனால் இரண்டாவது துளை வலப்பக்கத்தில் இருந்த இன்னொரு வேட்பாளர் புக்கானனுக்கு உரியது, கோருக்கு மூன்றாவது. இரண்டாவதைக் குத்தியபின் விழித்துக்கொண்டு மூன்றாவதையும் குத்தினால் சீட்டே செல்லாது. அந்தக் கவுண்டியில் இரட்டைத் துளையால் வீணானவை 19,000க்கும் மேல். டூவால் கவுண்டியில் வேறு கூத்து: அதிபர் வேட்பாளர் பட்டியல் அடுத்த பக்கத்துக்கும் நீண்டது, மாதிரிச் சீட்டோ எல்லாப் பக்கங்களிலும் ஓட்டுப் போடச் சொன்னது. சொன்னபடி செய்தவர்களின் ஓட்டுதான் செல்லாமல் போனது!

தொலைக்காட்சி காட்டியதெல்லாம் இன்னொரு வகை. ஊசியால் குத்தும்போது அட்டையிலிருந்து உதிர வேண்டிய சின்னத் துண்டு (அவர்கள் மொழியில் 'சாட்') ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டு தொங்கும். எண்ணும் இயந்திரத்தில் அட்டை ஓடும்போது அது கதவு போல மூடிக்கொண்டால் வெளிச்சம் புகாது. ஓட்டு இல்லை என்று கணக்காகும். மறுமுறை ஓடும்போது உதிர்ந்துவிட்டால் அதே அட்டை செல்லுபடியாகும். வெறும் பள்ளம் மட்டும் விழுந்த அட்டைகளும் உண்டு. அவற்றை ஒவ்வொரு கவுண்டியும் ஒவ்வொரு விதமாகப் பார்த்தது.

டிசம்பர் 8இல் மாநில உச்ச நீதிமன்றம் கையால் எண்ணச் சொன்னது இந்த இரண்டாம் வகையை மட்டுமே. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 12ஆம் தேதி 5க்கு 4 நீதிபதிகள் என்ற கணக்கில் அதையும் நிறுத்திவிட்டது. இரட்டைக் குறிச் சீட்டுகளை யாரும் சீந்தவில்லை. அவற்றில் கோருக்குக் குறியிட்டு, பட்டியலில் இல்லாதவர் பெயரை எழுத விட்ட காலி இடத்திலும் அவர் பெயரையே எழுதிய சீட்டுகள் இருந்தன. அதில் என்ன சந்தேகம்?

பத்திரிகைகள் சேர்ந்து ஏற்பாடு செய்த ஆய்வு 2001இல் வெளிவந்தது. தள்ளிய சீட்டுகளை எல்லாம் எண்ணியிருந்தால் கோர் மயிரிழையில் முந்தியிருப்பார். கோர் தரப்பு மறுபடி எண்ணக் கேட்டதோ நான்கு கவுண்டிகளை மட்டும். அதைக் கொடுத்திருந்தாலும் புஷ் 225 ஓட்டில் ஜெயித்திருப்பார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்