டப்பிங்கில் காணாமல் போன ‘நீங்கள்’

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: கொரியக் காதல் தொடரின் தமிழ் டப்பிங், 16-ஆவது பகுதி குறித்த புகார்

வணக்கம்.

உங்கள் தளத்துக்கு ஆண்டுச் சந்தா கட்டியிருப்பவள் நான். நீங்கள் தமிழில் தந்த அலுவலகக் காதல் தொடரை முதலில் டப்பிங்கிலும் அப்புறம் கொரிய மொழியிலேயும் பார்த்தேன். கடைசிப் பகுதியில் எதை இழந்தோம் என்பது இரண்டாவது முறைதான் புரிந்தது.

இரண்டு வருடப் பிரிவுக்குப் பிறகு பேருந்து நிறுத்தத்தில் நாயகனும் நாயகியும் சந்திக்கிறார்கள். அவள் கேட்பது ஒன்றே ஒன்று: “சாப்பிட்டியா?” உடனே அவன் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுகிறான். “இதுக்கு ஏன் அழறான்?” என்று பக்கத்தில் இருந்த அம்மா கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

பதில் கொரிய வசனத்தில் இருக்கிறது. 15 பகுதிகளிலும் அவள் அவனிடம் மரியாதையாகவே பேசுகிறாள். பெயருக்குப் பின்னால் ‘ஷி’, வாக்கிய முடிவில் ‘யோ’. காதலைச் சொன்ன பிறகும் அது போகவில்லை. பேருந்து நிறுத்தத்தில் கேட்கும் அந்தக் கேள்வியில்தான் ‘யோ’ முதல்முறையாக உதிர்கிறது. அதைக் கேட்டுத்தான் அவன் அழுகிறான்.

உங்கள் டப்பிங்கில் அவன் வேலைக்குச் சேர்ந்த அன்றே “நீ வா, நீ போ” என்று ஆரம்பித்துவிட்டார்கள். கடைசியில் உதிர எதுவுமே மிச்சமில்லை.

தமிழில் முடியாத காரியம் என்றால் இந்தக் கடிதமே எழுதியிருக்க மாட்டேன். ஆங்கிலத்தில் எல்லோருக்கும் ஒரே ‘யூ’. நமக்கு அப்படியா? “சாப்பிட்டீங்களா” என்று 15 பகுதிகள் கேட்டுவிட்டு, 16-ஆவதில் “சாப்பிட்டியா” என்றால் பார்க்கிற யாருக்கும் நெஞ்சு அடைத்திருக்கும். ஆங்கில வசனத்தை வைத்துத் தமிழாக்கியிருப்பீர்களோ என்று சந்தேகப்படுகிறேன். உதட்டசைவையும் காரணமாகச் சொல்ல முடியாது. ‘யோ’ சேர்ந்தால் கொரிய வசனமும் நீளத்தானே செய்கிறது!

குரல் கொடுத்தவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. அந்தக் கேள்வியில் நாயகிக்குப் பேசியவரின் குரல் லேசாக நடுங்கியதைக் கவனித்தேன். எழுதித் தந்த வசனம்தான் அவருக்குக் கைகொடுக்கவில்லை.

இன்னொன்று: பெயர்ப் பட்டியலுக்குப் பின்னால் ஒரு சின்னக் காட்சி இருக்கிறது. அது வருவதற்குள் உங்கள் செயலி வேறொரு தொடருக்குத் தாவிவிடுகிறது.

போன மாதம் எழுதிய மின்னஞ்சலுக்கு “உங்கள் கருத்துக்கு நன்றி” என்று மட்டும் பதில் வந்தது. இந்த முறை அது போதாது. இருவரும் பேசும் காட்சிகளையாவது மறுபடி டப்பிங் செய்யுங்கள். அதுவரை ‘நீங்க’, ‘நீ’ வேறுபாட்டோடு தமிழ் வசன வரிகளைக் கொரிய ஒலியுடன் சேர்த்துத் தாருங்கள். எப்போது செய்வீர்கள் என்று தேதி குறிப்பிட்டுப் பதில் எழுதுங்கள். அம்மாவுக்கு அந்தக் காட்சியை மறுபடி போட்டுக்காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் சந்தாதாரர்