ஆண்டறிக்கை 2024–25: வட்டார வரலாற்று ஆர்வலர் சங்கம், கிருஷ்ணகிரி

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்களுக்கும் பணிவான வணக்கம்.

செயற்குழு ஆறு முறை கூடியது. பொங்கல் விழாவும் மாணவர் கட்டுரைப் போட்டியும் வழக்கம்போல் நடந்தேறின.

மல்லச்சந்திரத்துக் கல்திட்டைகளை, அதாவது பலகைக்கற்களை நிறுத்தி அமைத்த பழங்கால ஈமச்சின்னங்களை, ட்ரோனால் பதிவுசெய்த பணியைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியுள்ளது. சிதைந்த கப்பல்களை ட்ரோனால் பதிவுசெய்வதுபோல் கல்லையும் ஏன் பதிவுசெய்ய வேண்டும் என்று சென்ற பொதுக்குழுவில் கேட்கப்பட்டது. அமெரிக்காவின் மேரிலாந்தில், பொடோமாக் ஆற்றையொட்டிய மாலோஸ் விரிகுடாவில், முதல் உலகப்போருக்காகக் கட்டிய மரக்கப்பல்கள் நூற்றுக்கும் மேல் சிதைந்து கிடக்கின்றன. டியூக் பல்கலைக்கழகத்தினர் ட்ரோனைப் பறக்கவிட்டு அவற்றைப் படமெடுத்தனர். மரம் மட்குவதை யாராலும் நிறுத்த முடியாது; ஆனால், ஒரு படத்தில் உள்ள பரப்பின் ஒரு பகுதி அடுத்த படத்திலும் விழும்படி எடுத்த படங்களைக் கொண்டு கணினியில் முப்பரிமாண உருவத்தை அமைத்துவிட்டால், இன்றைய நிலை அளவு பிசகாமல் நம் கையில் இருக்கும். நம் கல்திட்டைகள் மட்காவிட்டாலும், புதையல் தேடுவோர் கைபட்டால் பலகைக்கற்கள் பெயர்ந்து விழுந்துவிடும்.

அனுமதியின்றிப் பறக்கவிட்டோம் என்ற பேச்சு என்னை மிகவும் வருத்தியது. உரிய இடங்களில் எழுத்துமூலம் அனுமதி பெற்றோம். 250 கிராமுக்கு உட்பட்ட ட்ரோன் என்பதால், 2021ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளின்படி அதை இயக்குபவருக்குத் தனி உரிமம் தேவையில்லை. நிழல் கடுமையாக விழாத விடியற்காலையில், செங்குத்தாகவும் சாய்வாகவும் எடுத்தோம். பலகைக்கல்லில் குடைந்த இடுதுளைகளின் உட்புறம் வானிலிருந்து தெரியாது என்பதால், தரையில் படுத்துக் கையால் படமெடுக்க வேண்டியிருந்தது. பெயர் கொடுத்த பன்னிருவரில் வந்தவர்கள் மூவர். காற்று பலமாக இருந்ததால் மீண்டும் சென்ற இரண்டாம் நாளில் என்னுடன் இரு கல்லூரி மாணவர்கள் மட்டுமே இருந்தனர்.

வரவு செலவு சரிபார்க்கப்பட்டுள்ளது. கையிருப்பு மிகச் சொற்பம். பாதிக்கு மேற்பட்டோர் இரண்டாண்டுச் சந்தாவை இன்னும் செலுத்தவில்லை. ட்ரோனை இரவல் தந்த அன்பருக்கும், வழிகாட்டிய ஊர்ப்பெரியவர்களுக்கும், பொருளாளருக்கும் நன்றி.

எடுத்த படங்கள் அனைத்தும் இன்று என் வீட்டுக் கணினி ஒன்றில் மட்டுமே உள்ளன. அது பழுதானால் இரண்டு நாள் உழைப்பும் போய்விடும் என்ற அச்சத்துடன்தான் இதை எழுதுகிறேன். இரண்டு வன்தட்டுகள் வாங்கி, ஒன்றைச் சங்கத்திலும் மற்றொன்றை ஒரு கல்லூரி நூலகத்திலும் வைத்த பிறகே வட்டாரத்து நடுகற்களைப் பதிவுசெய்யத் தொடங்க முடியும். பொருளாளர் ரசீதுப் புத்தகத்துடன் கூட்டம் முடியும்வரை வாசலருகே அமர்ந்திருப்பார்.

இங்ஙனம்,
செயலாளர்