எங்கள் செவலையின் இன அறிக்கை குறித்த புகார்

அனுப்புநர்:
செவலையின் வீட்டார்,
கம்பம், தேனி மாவட்டம்.

பெறுநர்:
குறைதீர் அலுவலர்,
நாய் இன மரபணுப் பரிசோதனைப் பிரிவு.

பொருள்: ஒரே மாதிரிக்கு இரண்டு விதமான அறிக்கை தந்தது, நாட்டு நாய் இனங்களையும் கண்டறிவதாக விளம்பரம் செய்தது – பணத்தைத் திருப்பித் தரக் கோருதல்.

ஐயா / அம்மா,

குமுளிப் பக்கத்துக் காப்பகம் ஒன்றிலிருந்து நாங்கள் தத்தெடுத்த எங்கள் நாய் செவலைக்கு உங்களிடம் இனப் பரிசோதனை செய்தோம். வந்த அறிக்கை ஏற்கும்படி இல்லை. உங்கள் வாடிக்கையாளர் சேவையிடம் கேட்டால், "ஒவ்வொரு செல்லமும் தனித்துவமானது" என்ற ஒரே பதிலைத் திரும்பத் திரும்ப அனுப்புகிறார்கள். அதனால் இந்தப் புகாரை உங்களுக்கே எழுதுகிறேன்.

முதலில் நாயைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கருவாய்ச் செவலை. வாயும் மூக்கும் கருப்பு. கண்ணுக்குக் கீழே போகப் போக அந்தக் கருப்பு மங்கிச் செம்பட்டையில் கலந்துவிடும். ஒரு காது நிமிர்ந்து நிற்கும், இன்னொன்று பாதியில் மடிந்திருக்கும். வால் சுருண்டு முதுகில் கிடக்கும். நாக்கில் ஒரு கருப்புப் புள்ளி. கம்பம்மெட்டு மலைப்பாதையில், ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்புகளுக்கு நடுவே குட்டியாகத் திரிந்தவன் என்று காப்பகத்தில் சொன்னார்கள். கூண்டில் தொங்கிய அட்டையில் 'லேப் கிராஸ்', அதாவது லாப்ரடார் கலப்பு என்று எழுதியிருந்தது. குளிப்பாட்டிவிடும் பையன் மட்டும் எங்களைத் தனியாகக் கூப்பிட்டு, "நாடனாணு சேட்டா. லேப்னு எழுதினாத்தான் ஆளு எடுக்கும்" என்று பாதி மலையாளத்தில் சொல்லிவிட்டுச் சிரித்தான்.

ஊருக்கு வந்ததும் ஆளுக்கொரு தீர்ப்பு. ஜீப் ஓட்டும் தம்பி, "வாயைப் பாருங்கண்ணே, சுத்தக் கோம்பை" என்றார். டீக்கடைப் பெரியவர் சிப்பிப்பாறை என்று சாதித்தார். சிப்பிப்பாறைக்கு இருக்கும் ஒட்டிய வயிறும் நீண்ட காலும் இவனிடம் இல்லை என்றால் கேட்கவே மாட்டார். இன்னொருவர் ராஜபாளையம் என்றார். வெள்ளை உடம்பும் இளஞ்சிவப்பு மூக்கும் உள்ள இனத்தை எங்கள் செவலையிடம் எப்படிப் பார்த்தாரோ! கண்ணால் பார்த்துச் சொல்வது இப்படித்தான் தப்பும். 2009-ல் அமெரிக்காவில் தத்தெடுக்கப்பட்ட 20 கலப்பு நாய்களைப் பரிசோதித்த ஆய்விலும், பெரும்பாலானவற்றில் காப்பகம் சொன்னது ஒன்று, மரபணுவில் வந்தது வேறொன்று. இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் ஏழாயிரத்துச் சொச்சம் கட்டினோம். "இந்திய நாட்டு இனங்கள் உட்பட 200-க்கும் மேற்பட்ட இனங்கள்" என்று உங்கள் தளத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்ததை நம்பித்தான் கட்டினோம்.

மாதிரி எடுத்ததில் குறை சொல்ல இடமில்லை. நீங்கள் சொன்னபடி அரை மணி நேரம் சோறு தண்ணீர் காட்டாமல் வைத்திருந்து, என் மனைவி வாயைத் திறந்து பிடிக்க, கன்னத்தின் உட்பக்கம் குச்சியை உருட்டி எடுத்தேன். முதல் குச்சியைக் கடித்து இரண்டாக்கிவிட்டான். உறையில் உபரியாக இருந்த குச்சியில் எடுத்து, காயவைத்து, குழாயில் போட்டு அனுப்பினேன். மாதிரி நன்றாக இருக்கிறது என்று நீங்களே செய்தி அனுப்பினீர்கள்.

பிறகு வந்த முதல் அறிக்கை: லாப்ரடார் 31 சதவீதம், ஜெர்மன் ஷெப்பர்டு 24, ராட்வைலர் 18, விப்பெட் 15, சௌ சௌ 12. கூட்டினால் சரியாக 100. தெரியாதது என்று அரை சதவீதம்கூட இல்லை. கோம்பை ஊர் எங்களுக்கு உத்தமபாளையம் போய் பஸ் மாறுகிற தூரம். அந்த இனத்தின் பெயர் அறிக்கையில் எந்த மூலையிலும் இல்லை. 'நாட்டு நாய்' என்ற தலைப்பும் இல்லை.

கேட்டு எழுதியதும், 'மேம்படுத்தப்பட்ட முடிவு' என்று இரண்டாவது அறிக்கை வந்தது. அதே மாதிரி, அதே எண். அதில் ராட்வைலரைக் காணோம். பதிலுக்கு டாபர்மேன் வந்திருக்கிறது. லாப்ரடார் 19-க்கு இறங்கிவிட்டது. ஏன் மாறியது என்று ஒரு வரி விளக்கம் இல்லை.

எனக்குப் புரிந்தவரை சிக்கல் இதுதான். நாயின் மரபணுவை உங்களிடம் இருக்கும் இன மாதிரிகளோடு ஒப்பிட்டு, எதற்கு நெருக்கமோ அதன் பெயரில் ஒரு பங்கை எழுதுகிறீர்கள். கோம்பை, கன்னி, சிப்பிப்பாறை, தெருவில் திரியும் நாட்டு நாய் இவற்றின் மாதிரிகள் உங்களிடம் இல்லையென்றால், செவலையின் மரபணு எங்கே போய் ஒட்டும்? ரேஷன் கார்டில் பேர் இல்லாதவனை அடுத்த வீட்டுக் கார்டில் ஏற்றியது போல, லாப்ரடாரிலும் சௌ சௌவிலும் பிரித்துப் போட்டுவிட்டீர்கள். நாய் இனங்களைப் பதிவு செய்யும் கென்னல் கிளப் லண்டனில் தொடங்கியதே 1873-ல். இன்றைக்கு நாம் பேர் சொல்லும் ஐரோப்பிய இனங்களில் பெரும்பாலானவை கடந்த இருநூறு வருடத்துக்குள் தேர்ந்து பிரித்து வளர்க்கப்பட்டவை. நம் ஊர்த் தெரு நாய்கள் அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே இங்கே இருப்பவை. அவற்றை இந்த இனம் இத்தனை, அந்த இனம் இத்தனை என்று கலந்து உண்டானதாகக் காட்டுவதே தலைகீழ். அவை யாருடைய கலப்பும் இல்லை. வெளிநாட்டில் சில நிறுவனங்கள் 'கிராமத்து நாய்' என்று தனிப் பிரிவே வைத்திருக்கின்றன. உங்களால் முடியாத காரியம் இல்லை.

இன்னொரு சந்தேகமும் இருக்கிறது. மரபணுப் பரிசோதனைக்குப் புகைப்படம் எதற்கு? விண்ணப்பத்தில் நாயின் படத்தையும் "உங்களுக்குத் தெரிந்த இனம்" என்ற கட்டத்தையும் கட்டாயமாக்கியிருக்கிறீர்கள். காப்பக அட்டையில் இருந்தபடி 'லேப்' என்று நிரப்பினோம். முதலிடத்தில் லேப் வந்தது. நாக்கே கருநீலமாக இருக்கும் சௌ சௌ இனம் இவனிடம் எப்படி என்று கேட்டதற்கு, நாக்கில் இருக்கும் கருப்புப் புள்ளியே சான்று என்று உங்கள் ஊழியர் எழுதியிருக்கிறார். நாக்கில் புள்ளி பல இன நாய்களுக்கும் உண்டு, கலப்பு நாய்களுக்கும் உண்டு. அது போக, புள்ளியைப் பார்த்து இனம் சொல்ல எங்கள் டீக்கடைப் பெரியவரே போதும். அவர் காசு வாங்குவதில்லை.

இதையெல்லாம் சிரித்துவிட்டுப் போயிருப்போம். அந்த 18 சதவீத ராட்வைலரால் வந்த வினை வேறு. என் மகன் முதல் அறிக்கையை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தான். அதை எங்கள் வாடகை வீட்டுக்காரர் பார்த்துவிட்டார். 2024 மார்ச்சில் மத்திய அரசு 23 வகை நாய் இனங்களையும் அவற்றின் கலப்புகளையும் தடுக்கச் சொல்லி மாநிலங்களுக்கு அனுப்பிய சுற்றறிக்கையில் ராட்வைலர் இருக்கிறது. அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றம் அந்தச் சுற்றறிக்கையை ரத்து செய்தது. வீட்டுக்காரருக்குத் தெரிந்தது முதல் பாதி மட்டும். "நாயை அனுப்புங்க, இல்லேன்னா வேற வீடு பாருங்க" என்கிறார். போதாததற்கு உங்கள் அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் குணப் பலன் வேறு: "ராட்வைலர் மரபு இருப்பதால் அந்நியரிடம் சீற்றம் காட்டலாம்." 2022-ல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வில் பதினெட்டாயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களின் குணத்தை உரிமையாளர்களிடம் கேட்டு, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களின் மரபணுவையும் பார்த்தார்கள். நாய்க்கு நாய் குணம் மாறுவதில் இனத்தின் பங்கு சுமார் 9 சதவீதம்தான் என்று அதில் தெரிந்தது. மரபணு நிறுவனம் நடத்தும் உங்களுக்கு இது தெரியாமல் இருக்காது. செவலை அந்நியரைப் பார்த்தால் கட்டிலுக்கு அடியில் போய்விடுவான். அதை வீட்டுக்காரரிடம் சொன்னால், அறிக்கையைக் காட்டுகிறார்.

ஆகவே, கட்டிய தொகையை முழுவதுமாகத் திருப்பித் தர வேண்டும். அதைவிட முக்கியமாக, முதல் அறிக்கையின் ராட்வைலர் முடிவு செல்லாது என்று உங்கள் முத்திரையோடு ஒரு கடிதம் வேண்டும். வீட்டுக்காரரிடம் காட்ட அதுதான் அவசரம். உங்கள் ஒப்பீட்டுத் தொகுப்பில் எந்தெந்தத் தமிழ்நாட்டு இனங்களில் எத்தனை நாய்களின் மாதிரி இருக்கிறது என்பதையும் எழுத்தில் தெரிவியுங்கள். இல்லையென்றால் இல்லை என்றே எழுதுங்கள். அதன் பிறகு அந்த விளம்பர வரி தளத்தில் இருக்கக் கூடாது.

இலவசமாக மறுபரிசோதனை செய்து தருகிறோம் என்று உங்கள் ஊழியர் சொல்வது எங்களுக்கு வேண்டாம். அதே தொகுப்போடு மூன்றாம் முறை ஒப்பிட்டால் மூன்றாவதாக ஒரு பட்டியல் வரும், அவ்வளவுதான்.

2020-ம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி இந்தப் புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டியது உங்கள் கடமை. தவறினால் 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நான் குடியிருக்கும் தேனி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே வழக்குப் போடுவேன். உங்கள் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. இந்தத் தொகைக்குக் கட்டணமும் இல்லை.

இரண்டு அறிக்கைகள், பணம் கட்டிய ரசீது, உங்கள் ஊழியரின் மின்னஞ்சல்கள், விளம்பரப் பக்கத்தின் படம் ஆகியவற்றை இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
செவலையின் வீட்டார்