அங்கே அறியாமை, இங்கே எச்சரிக்கையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் கொரோனா தடுப்பூசி பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். 'குடிசைப் பகுதி மக்களிடம் விழிப்புணர்வு இல்லை' என்று அதில் திரும்பத் திரும்ப வருகிறது. 2021 இல் கொரோனா இரண்டாம் அலையின்போது தெர்மல் ஸ்கேனரும் ஆக்சிமீட்டருமாக வடசென்னையில் வீடு வீடாகக் காய்ச்சல் கணக்கெடுக்கப் போனவள் நான். எனக்கு இதில் உடன்பாடில்லை.

குடிசை மாற்று வாரியக் குடியிருப்புக்கும் போனேன், வாசலில் செக்யூரிட்டி வைத்த அபார்ட்மெண்டுக்கும் போனேன். ஊசிக்குத் தயங்கியவர்கள் இரண்டு பக்கமும் இருந்தார்கள். அபார்ட்மெண்ட்காரர் 'கோவிஷீல்டா கோவாக்சினா, ஸ்புட்னிக் வரட்டுமே, பொறுத்துப் பார்ப்போம்' என்றால் அவர் எச்சரிக்கையான மனிதர். குடியிருப்பில் இருக்கும் அக்கா 'எனக்கு வேணாம்மா' என்றால் அவர் விவரம் தெரியாதவர்.

அந்த அக்கா பூ கட்டி விற்பவர். இன்னும் கொஞ்ச நேரம் நின்று பேசியதும் காரணம் வந்தது. "ஊசி போட்டா ரெண்டு நாள் காய்ச்சல் அடிக்குதாமே. கையத் தூக்க முடியலைன்னா பூ யாரு கட்டுவா? தண்டல்காரன் சாயந்திரம் வந்து நிப்பான், அவனுக்கு நீ பதில் சொல்வியா?" டிவி விளம்பரம் எதிலும் இதற்குப் பதில் கிடையாது. முகாமிலேயே பாராசிட்டமால் தருவார்கள், பெரும்பாலானவர்களுக்கு ஒன்றிரண்டு நாளில் சரியாகிவிடும் என்று சொன்ன பிறகு, எந்தக் கிழமை போட்டால் முகூர்த்த நாளில் வேலை கெடாது என்று அவரே விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். விழிப்புணர்வு இல்லாதவர் போடுகிற கணக்கா இது?

அப்புறம் நடிகர் விவேக் விஷயம். உங்கள் கட்டுரை இதை ஒரே வரியில் 'வதந்தி' என்று தாண்டிப் போய்விட்டது. 2021 ஏப்ரல் 15 ஆம் தேதி ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் எல்லோரும் பார்க்கக் கோவாக்சின் போட்டுக்கொண்டு, மக்களையும் போட்டுக்கொள்ளச் சொன்னார். மறுநாள் மாரடைப்பு. 17 ஆம் தேதி அதிகாலை இறந்துவிட்டார். இதயத்துக்குப் போகும் ரத்தக் குழாயில் முழு அடைப்பு என்று டாக்டர்கள் உடனே விளக்கம் சொன்னார்கள். ஆனால் ஜனங்கள் கண்ணால் பார்த்தது என்ன? முந்தின நாள் ஊசி, அடுத்த நாள் ஆஸ்பத்திரி. "அவருக்கே இந்தக் கதின்னா எங்களுக்கு?" என்ற கேள்வி குடியிருப்புப் படிக்கட்டிலும் என் காதில் விழுந்தது, லிஃப்ட் வாசலிலும் விழுந்தது. கேட்டவர்களில் ஒருவர் கல்லூரிப் பேராசிரியர்.

மத்திய அரசின் நிபுணர் குழு ஆய்வு செய்து, அந்த மரணத்துக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பில்லை என்று சொன்னது 2021 அக்டோபரில்தான். நடுவில் ஆறு மாதம் ஓடிவிட்டது. சரி, ஆய்வுக்கு நேரம் ஆகும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர் இறந்ததை அட்டையில் போட்ட பத்திரிகைகள் இந்த முடிவை உள்ளே ஒரு சின்னக் கட்டத்தில் முடித்துக்கொண்டனவே, அது ஏன்? உங்கள் இதழையும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

இந்தத் தயக்கத்துக்கு ஒரு விலை இருந்தது. ஒரு கோவிஷீல்டு குப்பியில் 10 பேருக்கு மருந்து. திறந்தால் 4 மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். மூன்று பேர்தான் வந்தார்கள் என்றால் மிச்சம் ஏழு பேருக்கானது குப்பைக்குப் போகும். ஏப்ரல் கணக்குப்படி தடுப்பூசி வீணானதில் தமிழ்நாடுதான் நாட்டிலேயே முதலிடம், சுமார் 12 சதவீதம். மே மாதம் பெரிய ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்ஸ் வரிசையையும், கீழ்ப்பாக்கத்தில் ரெம்டெசிவிர் மருந்துக்கு விடிய விடிய நின்றவர்களையும் பார்த்த பிறகு அதே ஜனங்கள் ஊசிக்கு ஓடினார்கள். ஜூனில் போனால் 'ஸ்டாக் இல்லை' என்று போர்டு. அபார்ட்மெண்டுகளுக்குத் தனியார் மருத்துவமனைக்காரர்களே வந்து, கோவிஷீல்டு 780 ரூபாய் என்று கார் நிறுத்தும் இடத்தில் வைத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். பூக்கார அக்கா அரை நாள் வியாபாரத்தை விட்டுவிட்டு வரிசையில் நின்று, டோக்கன் தீர்ந்துபோய்த் திரும்பி வந்தார். ஊசிக்குப் பதிவு செய்யும் கோவின் இணையதளத்தில் தமிழ் வந்ததே ஜூன் மாதம்தான் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படித்தவர்கள் ஊசியை எதிர்த்ததே இல்லையா என்ன? காசநோய்க்கான பி.சி.ஜி. தடுப்பு மருந்து தயாரிக்கக் கிண்டியில் 1948 இல் ஆய்வகம் வந்தது. அந்த ஊசியை ஊரெங்கும் போட ஆரம்பித்தபோது, 1955 இல் அதை எதிர்த்துக் கடுமையாக எழுதியவர் ராஜாஜி. அவரை விழிப்புணர்வு இல்லாதவர் என்று யாரும் சொன்னதாகத் தெரியவில்லை. 2017 இல் பள்ளிகளில் தட்டம்மை ரூபெல்லா ஊசி போட்டபோதும் வாட்ஸ்அப் வதந்தியைப் பார்த்துவிட்டுப் பெற்றோர் பலர் வேண்டாம் என்றார்கள். பிப்ரவரியோடு முடிய வேண்டியது மார்ச் மாதத்துக்கும் நீண்டது. குடியிருப்பில் அறுபது வயதைத் தாண்டிய பாட்டிகளின் கையைப் பாருங்கள், அம்மை குத்திய தழும்பு இருக்கும். ஊசி அவர்களுக்குப் புதிதில்லை.

2021 செப்டம்பர் 12 ஆம் தேதி நடந்த முதல் மெகா தடுப்பூசி முகாமில் ஒரே நாளில் மாநிலம் முழுக்க 28 லட்சம் பேருக்கு மேல் போட்டுக்கொண்டார்கள். தெருமுனைக்கே ஊசி வந்ததுதான் காரணம் என்பேன். 2021 அக்டோபரில் முகாமை ஞாயிறிலிருந்து சனிக்கு மாற்றினார்கள். ஞாயிற்றுக்கிழமை கறி சாப்பிடுகிறவர்களும் குடிக்கிறவர்களும் வரத் தயங்குகிறார்கள் என்று சுகாதார அமைச்சர் காரணம் சொன்னார். பலர் சிரித்தார்கள், எனக்குச் சிரிப்பு வரவில்லை. கறி சாப்பிட்டால் ஊசி போடக்கூடாது என்று எந்த டாக்டரும் சொல்லவில்லைதான். ஆனாலும் ஜனங்கள் மனதில் இருப்பதைத் தெரிந்துகொண்டு நாளை மாற்றியதை நான் குறை சொல்ல மாட்டேன். ஒன்றே ஒன்று, கட்டட வேலைக்குப் போகிறவர்களுக்குச் சனிக்கிழமை சம்பள நாள். சாயந்திரம் கூலி வாங்காமல் அவர்கள் எங்கேயும் நகர மாட்டார்கள். அதனால் இந்தப் பக்கங்களில் முகாமை ராத்திரி ஒன்பது வரைக்குமாவது திறந்து வைத்திருக்க வேண்டும். கோவிஷீல்டு போட்டு 84 நாள் தாண்டியும் இரண்டாம் தவணைக்கு வராதவர்களில் பலர் இப்படி வேலையை விட்டு வர முடியாமல் போனவர்கள்தான்.

இதைப் பற்றி மறுபடி எழுத நிருபரை அனுப்பினால், பகல் பதினோரு மணிக்கு அனுப்பாதீர்கள். வேலைக்குப் போனவர்கள் வீட்டுக்குத் திரும்ப ஏழு மணியாவது ஆகும்.

இப்படிக்கு,
காய்ச்சல் கணக்கெடுப்புக் களப்பணியாளராக இருந்த ஒரு வாசகி,
வியாசர்பாடி, சென்னை - 39
29.10.2021