ஒற்றைக்கால் மிதியால் தொடை வலுவாகாது

ஆசிரியருக்கு, வணக்கம்.

சைக்கிள் ஓட்டுபவர்களின் கால் வலு ஏற்றத்தாழ்வு பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில், 'வலுக் குறைந்த காலால் மட்டும் பெடல் மிதித்துப் பழகுங்கள்' என்றிருந்தது. பலரும் செய்வதுதான், பலன்தான் வருவதில்லை. இரண்டு காலும் மிதிக்கும்போது இறங்கும் காலின் எடை ஏறும் காலைத் தூக்கிவிடுகிறது. ஒற்றைக்காலில் அந்த உதவி கிடையாது. அதனால் முதலில் களைத்துப்போவது இடுப்பை மடக்கும் தசை. வலுவேற வேண்டிய முன்தொடையும் பிட்டமும் பெரிய சுமை எதையும் பார்ப்பதே இல்லை. பெடல் மேலே வரும்போது இருக்கும் தடுமாற்றம் குறையும், அவ்வளவுதான்.

பெடல் மிதிக்கும் திறனை வாட்டில் அளக்கும் பவர் மீட்டரில் இரு கால்களின் பங்கு 48-52 சதவீதம் என்று வந்தால் கவலைப்பட வேண்டியதில்லை. மெதுவாக, வேகமாக, களைத்த பிறகு என மூன்று நிலையிலும் பாருங்கள். எல்லாவற்றிலும் ஒரே பக்கம் பெரிய வித்தியாசம் தெரிந்தால் மேலே யோசிக்கலாம். இடது கிராங்கில் (பெடலைத் தாங்கும் தண்டில்) மட்டும் பொருத்திய மீட்டர் இதற்கு உதவாது. அது இடது காலின் அளவை இரட்டிப்பாக்கிக் காட்டுகிறது. இடது 96, வலது 104 வாட் என்றால் மொத்தம் 200. திரையில் வருவதோ 192. பயிற்சியில் இடது கால் தேறினால், மொத்தத் திறனே கூடிவிட்டதாகக் கணக்குக் காட்டும்!

உடற்பயிற்சிக்கு முன் சைக்கிளைப் பாருங்கள். சீட் உயரமாக இருந்தால் இடுப்பு ஒரு பக்கம் சாயும், அந்தப் பக்கத்துக் கால் மட்டும் பெடலை நன்றாக எட்டும். இரண்டு ஷூவிலும் கிளீட் (ஷூவைப் பெடலில் மாட்டும் அடித்துண்டு) ஒரே இடத்தில் இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். இவை சரியாக இருந்தால், நாற்காலியிலிருந்து ஒற்றைக்காலில் கையை ஊன்றாமல் எழுந்து அமர்ந்து, ஒவ்வொரு காலுக்கும் எத்தனை முறை முடிகிறது என்று எண்ணுங்கள். எழும்போது முட்டி உள்பக்கம் சரிகிறதா என்பதையும் கவனியுங்கள். முட்டிச்சில்லின் மேல் விளிம்பிலிருந்து 15 செ.மீ. மேலே, தசையைத் தளர்த்தி, இரு தொடைகளின் சுற்றளவையும் டேப்பால் குறித்து வையுங்கள். பழைய முட்டிக் காயம் இருந்தால் பெரும்பாலும் இங்கேயே தெரிந்துவிடும்.

வலுவேற்ற இரண்டு காலிலும் நின்று செய்யும் ஸ்குவாட் (முட்டி மடக்கி இறங்கி எழும் பயிற்சி) போதாது. பின்னாலிருந்து ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள்: எழும்போது இடுப்பு வலுவான கால் பக்கம் நகரும். சுமையை அது திருடிக்கொள்கிறது. ஆகவே ஒற்றைக்கால் பயிற்சிதான் வேண்டும், ஆனால் எடையோடு. பின்னங்காலைத் தாழ்வான பெஞ்சில் வைத்து, முன்னங்காலின் முட்டி இரண்டாம் விரலுக்கு நேராக இருக்கும்படி 3 விநாடி எடுத்து இறங்கி எழ வேண்டும். காலுக்கு 8 முறை, 3 சுற்று, வாரம் 2 நாள். முதலில் வலுக் குறைந்த கால். வலுவான காலுக்கும் அதே எடை, அதே எண்ணிக்கை. இன்னும் நான்கு முடியும் என்று தோன்றினாலும் நிறுத்திவிட வேண்டும். வலுக் குறைந்த கால் 8 முடித்து, இன்னும் இரண்டு மீதமிருப்பதாகத் தோன்றினால் எடையை 2 கிலோ கூட்டலாம். 8 வாரத்துக்குமுன் மறுபடி டேப்பை எடுக்காதீர்கள். சாலையில் ஓட்டும்போது 'இந்தக் காலால் அழுத்த வேண்டும்' என்று யோசித்து மிதிப்பதும் வேண்டாம். முட்டி வலிதான் மிஞ்சும்.

கட்டுரை தொடாத ஒன்று: கடும் வேகத்தில் மட்டும் ஒரு கால் மரத்து, கனத்து, வலுவிழந்து, நிறுத்திய சில நிமிடங்களில் சரியாகிறது என்றால் அது தசைக் கோளாறாக இல்லாமல் இருக்கலாம். இடுப்பிலிருந்து காலுக்குப் போகும் தமனி தடித்தோ மடங்கியோ ரத்த ஓட்டம் குறைவது நெடுநாள் சைக்கிள் ஓட்டுபவர்களிடம் காணப்படும் பிரச்சினை. அதற்கு ஸ்குவாட் மருந்தல்ல. ஓய்வில் பார்த்தால் எல்லாம் சரியாகவே தெரியும் என்பதால், கடுமையாக மிதித்து இறங்கிய உடனே கணுக்காலில் ரத்த அழுத்தம் பார்க்கும்படி மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
சைக்கிள் பயிற்சி அளிக்கும் ஒரு வாசகர்