செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, மும்பை மாட்டுங்காவின் வெயிலையும் பொருட்படுத்தாமல் நேரில் வந்திருக்கும் சிலரே, வணக்கம்.

தமிழ்ப் புத்தாண்டு, நவராத்திரி கொலு, திருக்குறள் ஒப்புவித்தல் போட்டி, பொங்கல் விழா ஆகியவை வழக்கம்போல் நடைபெற்றன. ஜூலை மழையில் ரயில்கள் நின்றதால் தள்ளிவைத்த பட்டிமன்றம் தள்ளிவைத்தபடியே இருக்கிறது. செயற்குழு ஆறு முறை கூடியது. நான்கு முறை கூட்டம் நடத்தத் தேவையான எண்ணிக்கை (கோரம்) இல்லாமல் அரை மணி நேரம் ஒத்திவைத்து, அதே நாற்காலிகளில் அதே நால்வர் மறுபடியும் கூடினோம்.

அடுத்து, பலர் முதுகுக்குப் பின்னால் பேசிக்கொண்டிருக்கும் செலவு. செப்டம்பரில் நூலகப் புகார்ப் புத்தகத்தில் ஒருவர், "பல்லி ஓயாமல் கத்துகிறது, படிக்க முடியவில்லை" என்று எழுதியிருந்தார். இன்னொருவர் அதன் கீழேயே பலனும் எழுதிவைத்திருந்தார். கத்தியது பல்லி அல்ல, மேசைக்கடியில் இருக்கும் சர்வர், அதாவது நம் கோப்புகளைச் சேமித்துவைக்கும் கணினி. அதிலுள்ள இரண்டு ஹார்டு டிஸ்க்குகளில் ஒன்று செத்துவிட்டது என்று அது பத்து நாட்களாக அறிவித்துக்கொண்டிருந்தது. அடுத்த கூட்டத்தின் பொருள்நிரலில் "சர்வர் பழுது" என்று நான் எழுதியதைப் பார்த்து, நாம் எப்போது கேன்டீன் தொடங்கினோம் என்று கேட்ட மூத்த உறுப்பினரை நான் குறை சொல்லவில்லை. உடுப்பி ஓட்டல்கள் நிறைந்த பேட்டை இது.

"இன்னொரு டிஸ்க்தான் ஓடுகிறதே, என்ன அவசரம்?" என்று கேட்டவர்களுக்கு ஒரு பதில் உண்டு. இரண்டிலும் ஒரே தகவல் ஒரே நேரத்தில் பதிவாகும். ஒன்று போனாலும் மற்றது காப்பாற்றும். ஆனால் அந்த இரண்டும் ஒரே நாளில், ஒரே கடையில் வாங்கியவை. ஒன்றுக்கு மூச்சு நின்றால் மற்றதற்கும் வயது அதுதான். நம் ஆண்டு மலர்கள் அத்தனையும் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து அதில் இருக்கின்றன. சந்தா நிலுவைப் பட்டியலும் அதில்தான் இருக்கிறது. இரண்டும் பத்திரமாக உள்ளன என்பதை, குறிப்பாகப் பின்னதில் ஆர்வம் உள்ளவர்களுக்கு, தெரிவித்துக்கொள்கிறேன்.

மாட்டுங்கா ரோடில் ரயில் ஏறி, கிராண்ட் ரோடில் இறங்கி, கணினிப் பொருள் கடைகள் நிறைந்த லாமிங்டன் ரோடுக்கு மூன்று சனிக்கிழமைகள் போனேன். பயணச் செலவை நான் எழுதவில்லை. பாதி விலைக்குக் கிடைத்தவை கழற்றி மெருகேற்றிய பழைய டிஸ்க்குகள். இன்னொரு மலிவு வகையில், கூரைக்கு ஓடு வேய்வதுபோல ஒரு தகவல் தடத்தின் ஓரத்தில் அடுத்த தடத்தை ஏற்றி எழுதுகிறார்கள். இடம் மிச்சம், ஆனால் இழந்த தகவலை மொத்தமாகத் திரும்ப எழுதும்போது திணறிவிடும். ஐந்தாண்டு உத்தரவாதம் உள்ளதையே வாங்கினேன். பழையதைவிடக் கொள்ளளவு இம்மியும் குறையக் கூடாது, குறைந்தால் சர்வர் ஏற்காது.

மாற்றுவதற்கு முன் எல்லாவற்றையும் ஒரு தனி டிஸ்க்கில் நகலெடுத்துப் பொருளாளர் வீட்டுக்கு அனுப்பினோம். இரட்டை டிஸ்க் என்பது காப்பு நகல் ஆகாது. ஒன்றில் கை தவறி அழித்தால் மற்றதிலும் அக்கணமே அழிந்துவிடும்.

வருவதாக ஐந்து பேர் சொன்ன அந்த மாலையில் நூலகர் அம்மா மட்டும் வந்தார். கெட்டது "டிஸ்க் 1" என்று திரை சொன்னது. அந்த இயந்திரமோ பூஜ்யத்திலிருந்து எண்ணும்; ஆக அது இரண்டாவது. எண்ணிக்கையை நம்பி நல்லதைக் கழற்றிவிட்டால் கதை முடிந்தது. அம்மா டார்ச் அடித்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, ஸ்டிக்கரிலிருந்த வரிசை எண்ணை ஒவ்வொரு எழுத்தாக இரண்டு முறை வாசித்தார். நான் திரையில் விரல் வைத்துச் சரிபார்த்தேன். புது டிஸ்க்கை மாட்டி ஆறு மணிக்குத் தொடங்கிய மறுபதிவு பதினொன்றைத் தாண்டித்தான் முடிந்தது. 63 சதவீதத்தில் மின்சாரம் போனது, யு.பி.எஸ். தாங்கியது. காவலாளி இரண்டு முறை சாவியைக் குலுக்கிக் காட்டினார். உங்கள் தொலைபேசி எண்கள் இருந்த பழைய டிஸ்க்கைத் துளையிட்ட பிறகே காயலான் கடைக்குக் கொடுத்தேன்.

கணக்குகள் தணிக்கை செய்யப்பட்டுவிட்டன. வரவு ஓரளவு, செலவு அதைவிடச் சற்று அதிகம். விவரம் பொருளாளரிடம் கிடைக்கும். தலைவர், தணிக்கையாளர், விளம்பரம் தந்த அன்பர்கள், கொலுவுக்குச் சுண்டல் அளித்த மாதர் பிரிவினர் அனைவருக்கும் நன்றி. நூலகர் அம்மாவுக்குத் தனியாக நன்றி.

வரும் ஆண்டில் மிஞ்சியிருக்கும் பழைய டிஸ்க்கையும் யு.பி.எஸ். பேட்டரியையும் மாற்றியாக வேண்டும். செயலாளர் பொறுப்பை ஏற்க முன்வருபவருக்கு லாமிங்டன் ரோடு கடைகளை நானே அழைத்துப்போய்க் காட்டுகிறேன். பொருளாளர் ரசீதுப் புத்தகத்துடன் வாசலருகே உட்கார்ந்திருக்கிறார். சிற்றுண்டிக்கும் அந்த வழியாகத்தான் போக வேண்டும்.

இங்ஙனம்,
செயலாளர்